கல்லில் ஏறிய படியும் ஏறாத களியும்

(திருத்தணியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உணவைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எந்த ஊர் உணவு என்று கேட்டபோது, உங்கள் விருப்பம் என்றார்கள். நான் திருச்சானூரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். திருத்தணியில் பேருந்து ஏறினால் நகரி, புத்தூர் வழியாக ஒரு காலைப் பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிடும் ஊர் அது. இங்கே இருப்பவர்களில் அந்த ஊரை மிதிக்காதவர்கள் குறைவு. திருமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, இறங்கி வந்து தாயாரையும் சேவிக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. ஆனால் அந்த ஊரில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பிரசாத லட்டு, பிறகு பேருந்து நிலையத்தில் ஒரு பொங்கல் வடை. அதற்கு அப்பால் அந்த ஊருக்கு ஒரு சாப்பாடு உண்டு. ஊர்க்காரர்கள் தினமும் உண்பது, தலைமுறை தலைமுறையாக வருவது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அங்கே போய்ச் சேர, கோயில் மடப்பள்ளி வழியாகத்தான் போக வேண்டும்.

திருவேங்கடத்தைப் பற்றிய கல்வெட்டுகளில் மிகப் பழையது மலைமேல் இல்லை, திருச்சானூரில் கிடைத்தது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 51-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 9-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. சோழநாட்டுக்காரர் ஒருவர் திருவேங்கடத்துப் பெருமானடிகளுக்கு விளக்கெரிக்கக் கொடை வைத்த செய்தி அதில் இருக்கிறது. ஊரின் பெயர் அப்போது திருச்சோகினூர். அங்கே இருந்த திருவிளங்கோயில், மலை ஏற முடியாதவர்கள் வழிபட எழுந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால், வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் பசியாறிப் போகும் ஊராக திருச்சானூர் இருந்துவருவது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக.

திருமலை திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் பொறிக்கப்பட்டவை. 1930-களில் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோரின் உழைப்பால் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறவர்களுக்கு முதலில் வியப்பாக இருப்பது, அவற்றில் போரும் வெற்றியும் குறைவு என்பதுதான். பக்கம் பக்கமாக இருப்பது சாப்பாடு. சாளுவ நரசிம்மன் காலத்திலிருந்து, கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர் காலம் வரை, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் யார் யாரோ பொன்னும் ஊரும் கொடுத்து, இன்ன நாளில் இன்ன பணியாரம் படைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி, இட்டலிப்படி, தோசைப்படி. நம் வீட்டு அடுப்படியில் இன்றைக்கும் புழங்குகிற பெயர்கள்தான் எல்லாம். படி என்றால் ஒரு தடவை செய்து படைக்கும் அளவு. அதற்கு எத்தனை நாழி அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு வெல்லம், எவ்வளவு மிளகு என்பதும் கல்லிலேயே இருக்கும். அரிசி அளக்கிற மரக்காலுக்குப் பெருமாளின் பெயரையே வைத்திருந்தார்கள். மலைகுனியநின்றான் மரக்கால் என்று அதற்குப் பெயர். கடவுள் பெயரைச் சொல்லி அளக்கும்போது யார் குறைத்து அளப்பார்கள்?

படைத்த பிறகு அந்தப் பண்டம் யாருக்குப் போகும்? அதையும் எழுதினார்கள். கொடை கொடுத்தவருக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். மற்றது கோயில் பணியாளர்களுக்கும் அடியார்களுக்கும் பிரியும். விட்டவன் தன் பங்கைத் தானே உண்ணலாம், இராமானுசக் கூடம் என்ற சோற்றுச் சத்திரத்தில் வந்தவர்களுக்கு இடச் சொல்லலாம், விற்கவும் செய்யலாம். சாளுவ நரசிம்மன் நிறுவிய இராமானுசக் கூடத்தை மேற்பார்த்த கந்தாடை இராமானுச ஐயங்காரின் பெயர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். அந்தக் காலத்திலேயே பிரசாதம் கைமாறி விலைக்கும் போயிற்று. மலை இறங்கி வந்த பயணி காசு கொடுத்து அதிரசம் வாங்கி மூட்டையில் முடிந்துகொண்டு போனான். திருப்பதி வட்டாரத்தில் தெருவோரச் சாப்பாட்டு வணிகத்தின் வேர் எங்கே என்று கேட்டால், நான் இங்கேதான் காட்டுவேன்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. இத்தனை அரிசியும் வெல்லமும் எங்கிருந்து வந்தன? கொடையாகக் கிடைத்த பொன்னைக் கோயில் பூட்டி வைக்கவில்லை. கோயில் ஊர்களில் ஏரி வெட்டினார்கள், கால்வாய் தோண்டினார்கள், பழுதுபட்டதைச் செப்பனிட்டார்கள். அதனால் கூடிய விளைச்சலைக் கொண்டு படையல் நடந்தது. பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க வரலாற்று அறிஞர் 1960-களை ஒட்டி இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஆக, பெருமாளின் தளிகை என்பது நன்செய்யின் சோறு. ஏரி பாய்ந்த நிலத்தின் நெல், கரும்பின் வெல்லம், பசுவின் நெய்.

ஆனால் அந்த மண் முழுக்க நன்செய்யா? சொர்ணமுகி ஆற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடு எவ்வளவோ. அங்கே விளைந்தது கேழ்வரகும் கம்பும். ஏரிக்கு மண் சுமந்தவர்கள், கால்வாய் வெட்டியவர்கள், தேர் வடம் பிடித்தவர்கள், மலைக்குச் சுமை தூக்கியவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள்? நான் படித்த வரையில் எந்தக் கல்வெட்டும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் கல்லில் எழுதியவர்களுக்கு இருக்கவில்லை; கல்வெட்டு என்பது கொடையின் ஆவணம். பெருமாளுக்குக் களி யாரும் கொடையாக வைக்கவில்லை. இந்தச் சொற்பொழிவுக்கு நான் வைத்த தலைப்பின் காரணம் இதுதான்.

எழுதி வைத்த சாப்பாட்டுக்கு என்ன பலம் என்பதற்கு லட்டையே பாருங்கள். திருமலைப் பிரசாதத்தில் லட்டு மிகப் பழையதன்று; மேலே சொன்ன படிகளின் பட்டியலில் அது இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் வந்தது என்று சொல்வார்கள். இன்று நாம் வாங்கும் வடிவம் 20-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்கு ஒரு திட்டம் உண்டு. தெலுங்கிலே திட்டம் என்றே சொல்கிறார்கள். 5,100 லட்டுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ நெய், 30 கிலோ முந்திரி, 16 கிலோ திராட்சை, 8 கிலோ கற்கண்டு, 4 கிலோ ஏலக்காய். மொத்தம் 803 கிலோ. 2024 செப்டம்பரில் நெய்யில் கலப்படம் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அக்டோபர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிபிஐ இயக்குநரின் மேற்பார்வையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. அந்த வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. நான் கவனிப்பது, ஒரு பண்டத்துக்கு எழுதிய அளவும் எல்லோரும் அறிந்த ருசியும் இருந்தால், அதில் கை வைத்தார்களோ என்ற சந்தேகம் வந்த உடனே கேட்க ஆள் இருக்கிறது. எழுதப்படாத சாப்பாடு காணாமல் போனால் கேட்க யாரும் இருப்பதில்லை.

தாயாருக்கும் சோற்றுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் திருச்சானூரைப் பேச முடியாது. தாயாரான அலமேலு மங்கையின் பெயரால் அலமேலு மங்காபுரம் என்று பெயரே பெற்ற ஊர். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார், 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர், சிறுவனாக முதல் முறை மலை ஏறுகிறார். செருப்புக் காலோடு ஏறுகிறார், பசி, களைப்பு, பாதி வழியில் மயங்கி விழுகிறார். அலமேலு மங்கை ஒரு மூதாட்டியாக வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, பெருமாளின் பிரசாதத்தைக் கொடுத்துப் பசியாற்றினாள் என்று அவருடைய பேரன் சின்னன்னா எழுதிய வரலாறு சொல்கிறது. அந்தச் சோற்றுக்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை அவள்மேல் சதகம் பாடியது. ஞானம் கொடுத்தாள், செல்வம் கொடுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். சோறு கொடுத்தாள் என்று சொன்னார்கள். பசித்து வந்தவனுக்கு முதலில் சோறு என்ற அந்த ஊரின் குணம் அந்தக் கதையில் இருக்கிறது.

அந்தக் குணம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1985 ஏப்ரல் 6-ஆம் தேதி, என். டி. ராமாராவ் முதலமைச்சராக இருந்தபோது, திருமலையில் நித்திய அன்னதானம் தொடங்கியது. நாளொன்றுக்கு 2,000 பேர் என்று ஆரம்பித்தது. 2011-இல் தரிகொண்டா வெங்கமாம்பா பெயரில் எழுந்த பெரிய அன்னப்பிரசாதக் கூடத்தில் இன்று நாள்தோறும் பல்லாயிரம் பேர் இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். திருச்சானூரிலும் அன்னப்பிரசாதம் உண்டு. யார் எவர் என்று கேட்காமல் வரிசையில் உட்கார வைத்துச் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று பரிமாறுகிறார்கள். கோடீஸ்வரரும் கூலிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடும் இடம் நம் நாட்டில் அதிகம் இல்லை. இதை நான் மனதார வணங்குகிறேன்.

நவம்பர், டிசம்பரில் தாயாருக்குப் பிரம்மோற்சவம் நடக்கும். கடைசி நாள் பஞ்சமி தீர்த்தம். அன்று திருமலையிலிருந்து புகுந்த வீட்டுச் சீர் வரும். பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம், லட்டு, வடை எல்லாம் யானைமேல் ஏறி, மலையடிவாரம் வந்து, திருப்பதித் தெருக்களைக் கடந்து வரும். பத்ம புஷ்கரிணியில் முழுக்கு. அன்று ஊர் கொள்ளாது. அந்தக் கூட்டத்துக்குச் சோறு போடும் பந்தல்கள், தள்ளுவண்டிகள், திண்ணையில் அடுப்பு வைத்து இட்டலி ஊற்றும் பெண்கள் என்று திருச்சானூரின் சமையல் திறம் முழுவதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் அந்த நாள்தான்.

சரி, கோயிலைச் சுற்றிய மாட வீதிகளை விட்டு வெளியே வருவோம்.

காலை ஐந்தரைக்கெல்லாம் திருச்சானூர் சாலையில் தள்ளுவண்டிகளில் ஆவி பறக்கும். இட்டலி, தோசை, பூரி, வடை. பார்க்க நம் ஊர் டிபன் கடை போலவே இருக்கும். தட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் வேறுபாடு தெரியும். தேங்காய்ச் சட்னிக்கு அங்கே இரண்டாம் இடம். முதலிடம் வேர்க்கடலைச் சட்னிக்கு. வறுத்த கடலை, மிளகாய், புளி, பூண்டு சேர்த்து அரைத்துத் தாளித்தது, சற்றே கெட்டியாக. பக்கத்தில் காரப்பொடியும் நெய்யும். தோசையில் சிவப்புக் காரம் தடவிக் கொடுப்பார்கள். காய்ந்த மிளகாயை ஊற வைத்து வெங்காயம், பூண்டு, உப்போடு அரைத்த விழுது அது. மேலே பொட்டுக்கடலைப் பொடியைத் தூவி, மொறுமொறு என்று ஆகும் வரை விட்டு மடிப்பார்கள். எர்ர காரம் தோசை. ராயலசீமை முழுவதுக்கும் சொந்தம். சென்னையில் இப்போது அந்தப் பெயரில் விற்கிறார்கள். அது வெறும் சிவப்பு. காரம் நாக்கில் ஏறி, பிறகு பூண்டின் இனிப்பு தெரிய வேண்டும்.

இந்த வண்டிகளில் மொழி எது என்று சொல்ல முடியாது. வண்டிக்காரம்மா தெலுங்கில் கணக்குச் சொல்லி, தமிழில் சில்லறை கேட்டு, அடுத்தவரிடம் அரைகுறை இந்தியில் பூரி இருக்கிறது என்பார். ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகள் 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகத்தைப் பார்த்த காலத்திலேயே வடநாட்டுப் பயணிகள் வரத்து அங்கே உண்டு. அவர்களுக்கென்று சப்பாத்திக் கடைகளும் உண்டு. கடப்பை, அனந்தப்பூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பொரியை நனைத்துத் தாளித்த உக்கானியைக் கேட்பார்கள், கூடவே மிளகாய் பஜ்ஜி. கடற்கரை ஆந்திரத்தார் பெசரட்டு கேட்பார்கள். கேட்பதை எல்லாம் கொடுக்கப் பழகிய ஊர். மதிய சாப்பாட்டில் முதலில் பருப்பும் நெய்யும் ஆவக்காயும் வரும், அதன் பின்னால் சாம்பாரும் ரசமும் வரும். இரண்டு நாட்டு விருந்து ஒரே இலையில்.

மாலையில் கர்ரி பாயிண்ட் திறக்கும். நம் ஊர்களில் இந்த ஏற்பாடு இன்னும் அவ்வளவாக வேரூன்றவில்லை. வீட்டில் சோறு மட்டும் வடித்துக்கொள்வார்கள். பருப்பு, பொரியல், புளுசு என்கிற புளிக்குழம்பு, ரசம், தயிர் எல்லாம் சிறு சிறு பொட்டலமாகக் கடையில் வாங்கிப் போவார்கள். தேவஸ்தானத்தில் ஷிஃப்டு வேலை பார்ப்பவர்களும், லாட்ஜ்களில் வேலை செய்யும் பெண்களும், பல்கலைக்கழகங்களில் படிக்க வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் அங்கே நிற்பார்கள். தோட்டகூரை, கோங்குராக் கீரைகள், சுரைக்காய், கத்திரிக்காய், அன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அது. வேனில் தொடங்கினால் சிந்த சிகுரு வரும், அதாவது புளியங்கொழுந்து. அதைப் பருப்பில் போட்டுக் கடைந்தால் கிடைக்கிற புளிப்பு, புளிக்கரைசலில் கிடைக்காது. மே, ஜூனில் மாங்காய்ப் பருப்பு. சித்தூர்ச் சீமை மாம்பழ நாடு. தோத்தாபுரி ரகம் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும், தாமலசெருவு மண்டியில் அந்த நாட்களில் நடக்க வழி இருக்காது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். இந்தத் தெருச்சாப்பாட்டில் அடிப்படையாக இருப்பவை மிளகாயும் வேர்க்கடலையும் தக்காளியும். மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. கிருஷ்ணதேவராயர் காலத்துத் தோசைப்படிக்கு இவை கிடையாது, காரத்துக்கு மிளகுதான். இன்றைக்கு வேர்க்கடலை அந்த மானாவாரி மண்ணின் உயிர், மதனப்பள்ளித் தக்காளி தென்னாடு முழுவதற்கும் போகிறது. கேழ்வரகுகூட ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தானியம் என்று தாவரவியலார் சொல்கிறார்கள். ஆகவே, ஊர்ச்சாப்பாடு என்று நான் சொல்லும்போது, தொன்மையானது, கலப்பில்லாதது என்ற பொருளில் சொல்லவில்லை. அந்த மண்ணில் எது விளைந்ததோ, அந்த மக்களின் உழைப்புக்கு எது தாங்கியதோ, அதை அவர்கள் கைப்பக்குவத்தால் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அதற்குத்தான் ஊர்ச்சாப்பாடு என்று பெயர்.

அப்படிப்பட்ட சாப்பாட்டின் அரசன் சங்கட்டி.

நம் பக்கத்துக் கேழ்வரகுக் களிதான். முதலில் நொய்யைத் தண்ணீர் தாராளமாக வைத்துக் குழைய வேக விடுவார்கள். அது கொதித்துக் குழைந்து வரும்போது, கேழ்வரகு மாவை நடுவில் மேடு போலக் கொட்டுவார்கள். உடனே கிளறக் கூடாது. மூடி போட்டு, அடுப்பைத் தணித்து, மாவு அந்த ஆவியிலேயே வேக வேண்டும். பச்சை வாடை போய், ஒரு வறுத்த மணம் வரும். அப்போது பாத்திரத்தை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி தட்டாமல் கிண்டுவதற்குத் தோள் வேண்டும். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்து, சூடு பொறுத்து, உருண்டை பிடித்துத் தட்டில் வைப்பார்கள். நடுவில் விரலால் குழி செய்து ஒரு கரண்டி நெய். மென்று தின்பது கிடையாது. சிறிய உருண்டையாகக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழிப் புளுசு இருந்தால் விருந்து. நாட்டுக்கோழியும் சங்கட்டியும் என்று பலகை வைத்த கடைகள் திருப்பதியைச் சுற்றி, சந்திரகிரி பக்கமும் ரேணிகுண்டா சாலையிலும் நிறைய இருக்கின்றன. ஆனால் கோழி எந்நாளும் கிடைத்தவர்களா அவர்கள்? அன்றாடத்துக்கு ஊரிபிண்டி. வறுத்த வேர்க்கடலையை மிளகாய், புளி, பூண்டு, வெங்காயத்தோடு அம்மியில் கொரகொரப்பாக இழைப்பது. இட்டலிக்கு வைக்கிற சட்னியும் இதுவும் ஒன்றல்ல. இது கெட்டியாக, பல்லில் கடலை அகப்படும்படி இருக்கும். அல்லது கீரைக் கடையல். அல்லது பச்சிப்புளுசு, அடுப்பில் ஏற்றாத புளிக்கரைசலில் வெங்காயமும் மிளகாயும் நசுக்கிப் போட்டது. மிஞ்சிய சங்கட்டியைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலை மோர் விட்டுக் கரைத்துக் குடிக்க அம்பலி. விறகு, நேரம், தானியம் மூன்றையும் மிச்சம் பிடித்த சமையல் இது. ஒரு வேளை உண்டால் பொழுது சாயும் வரை ஏர் பிடிக்கலாம்.

ஒரு சிறு மெஸ்ஸில் சாப்பிட்டபோது பரிமாறிய அம்மாவிடம், கோயில் பக்கம் கடை போட்டால் நன்றாக ஓடுமே என்று சொன்னேன். “சாமிக்கு வர்றவங்க சங்கட்டி கேக்க மாட்டாங்கண்ணா. பொங்கலு இருக்குதா, பூரி இருக்குதான்னுதான் கேப்பாங்க” என்றார். சலிப்போ வருத்தமோ இல்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் அது உறுத்தியது. களிக்கும் ஊரிபிண்டிக்கும் கீரைக்கும் இறைச்சி தேவையே இல்லை. கோயில் வீதியிலேயே விற்கலாம். அதை அங்கே வரவிடாதது ஆசாரம் அன்று. களி என்றால் ஏழை வீட்டுச் சோறு, விருந்தாளிக்கு வைக்கக் கூடாது என்ற எண்ணம். அரிசி கௌரவம், களி கேவலம் என்று நம் எல்லோர் வீட்டிலும் இரண்டு தலைமுறையாக ஊறிப்போன எண்ணம். ரேஷன் கடையில் அரிசி மலிவாக வந்த பிறகு, கேழ்வரகு விதைத்த நிலம் வேர்க்கடலைக்கும் மாந்தோப்புக்கும் மனைக்கும் போய்விட்டது.

இப்போது காற்று கொஞ்சம் மாறி வீசுகிறது. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஆந்திர அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு ராகி ஜாவ, அதாவது வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி, கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். நட்சத்திர ஓட்டல்களிலும் சங்கட்டி வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் சர்க்கரை நோய்க்கு நல்லது என்பதற்காக மட்டும் ஒரு சாப்பாடு பிழைத்திருந்தால், அதை மருந்தாகத்தான் விழுங்குவோம். ருசிக்காக, அதைக் கிண்டிய கைகளுக்குரிய மரியாதைக்காக அது வாழ வேண்டும் என்பது என் ஆசை.

திருத்தணிக்காரர்களாகிய உங்களிடம் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை திருப்பதி வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது இந்தத் திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் தோழர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் தீர்ப்பும், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியதும் உங்கள் பாட்டன்மார் கண்ணால் கண்டவை. எல்லை வகுத்தார்கள், வகுக்க வேண்டிய தேவை அன்று இருந்தது. ஆனால் கொள்வினை கொடுப்பினை நின்றுவிட்டதா? நகரியில் பெண் எடுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமை நாம் பெருமாளுக்குத் தளிகை போடுகிறோம், அந்த மாதம் கவிச்சி தொடுவதில்லை. சித்தூர்ச் சீமைத் தெலுங்குக் குடும்பங்களும் பெரட்டாசி என்று சொல்லி அதே சனிக்கிழமைகளைக் கொண்டாடுகின்றன. இங்கே களி, அங்கே சங்கட்டி. இங்கே மல்லாட்டைத் துவையல், அங்கே ஊரிபிண்டி. கடலையை வறுக்கிற பதம்கூட ஒன்றுதான்.

அந்தச் சாப்பாடு இன்று இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் மறைகிறது. உங்கள் வீட்டில் களி கிண்டத் தெரிந்த கடைசி ஆள் யார் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டியா, அம்மாவா? அவர்களுக்குப் பிறகு?

சாளுவ நரசிம்மன் காலத்தில் ஓர் அதிரசப்படிக்கு எவ்வளவு மிளகு என்று ஐந்நூறு ஆண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது, எழுதியவர்கள் இருந்தார்கள். நம் பாட்டிமார்களின் சங்கட்டிக்கு அந்தக் கல் வெட்டப்படவில்லை. கல் வேண்டாம், இரண்டு ரூபாய்ப் பேனா போதும். இங்கே இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை திருச்சானூர் போகும்போது தாயாரைச் சேவித்த கையோடு பேருந்தைப் பிடிக்காதீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் இருங்கள். சங்கட்டி மதியத்தில்தான் கிடைக்கும், இரண்டு மணிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மாட வீதியை விட்டு வெளியே வந்து, ஆட்டோக்காரரிடம் அவர் எங்கே சாப்பிடுவார் என்று கேட்டு, அங்கே போங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, கடை ஓய்ந்திருந்தால், அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுக் கொஞ்சம் உட்காருங்கள். தமிழிலேயே கேட்கலாம், பதில் வரும். ஒரு பங்கு நொய்க்கு எத்தனை பங்கு மாவு, எவ்வளவு தண்ணீர், மாவு கொட்டிய பிறகு எவ்வளவு நேரம் மூடி வைப்பது, கேழ்வரகு எந்த ஊரிலிருந்து வருகிறது, புது ராகிக்கும் பழைய ராகிக்கும் தண்ணீர் மாறுமா, ஊரிபிண்டிக்குக் கடலையைத் தோலோடு அரைப்பதா நீக்கி அரைப்பதா, அவர் யாரிடம் கற்றுக்கொண்டார், அந்தத் துடுப்பு எந்த மரத்தில் செய்தது. இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து அதே கேள்விகளை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள்.